நான்கு நிறம், பத்து நாள்: கேம் பாய் திரும்பி வந்த கதை

(ஒலிபரப்பான எபிசோடின் எழுத்து வடிவம். வாசிப்புக்காகக் கொஞ்சம் சுருக்கியிருக்கிறோம்.)

தொண்ணூறுகள்ல வளர்ந்தவங்க வீட்ல ஒரு ‘பிரிக் கேம்’ இருந்திருக்கும். திருவிழாக் கடையில வாங்கினது. அட்டையில ஆயிரக்கணக்கான கேம்ஸ்னு போட்டிருக்கும், ஆனா நாம விளையாடுறது என்னவோ மேலேருந்து கட்டை விழுற அந்த ஒண்ணுதான். அதோட மூலம் டெட்ரிஸ். அந்த டெட்ரிஸை உலகம் முழுக்கக் கொண்டுபோய்ச் சேர்த்த கருவி நின்டெண்டோ நிறுவனத்தோட கேம் பாய்.

உற்பத்தி நின்னு பல வருஷம் ஆன அந்தக் கருவிக்காக, இன்னைக்கும் ஜனங்க புதுசா கேம்ஸ் எழுதுறாங்க. லாபத்துக்காக இல்ல, போட்டி மாதிரி ஒண்ணா உட்கார்ந்து. ஏன்? இதுதான் இன்றைய எபிசோட்.

வாடிப்போன தொழில்நுட்பம்

கதை குன்பெய் யோகோயில் தொடங்குகிறது. 1965-ல் நின்டெண்டோவில் இயந்திரப் பராமரிப்பு வேலைக்குச் சேர்ந்தவர். அப்போது அது சீட்டுக்கட்டு தயாரிக்கும் கம்பெனி. பொழுதுபோகாமல் அவர் செய்த, நீண்டு மடங்கும் கை பொம்மை ஒன்று முதலாளி கண்ணில் பட்டது. திட்டு விழும்னு நினைச்சார், ஆனா அதையே விற்பனைப் பொருளாக்கச் சொன்னாங்க. 1966-ல் வந்த அந்த ‘அல்ட்ரா ஹேண்ட்’ பத்து லட்சத்துக்கும் மேல் விற்றது.

யோகோயியின் கொள்கையைத் தமிழில் சொல்லணும்னா, ‘வாடிப்போன தொழில்நுட்பத்தைப் பக்கவாட்டில் யோசி’. வாடிப்போனதுன்னா கெட்டுப்போனதுன்னு அர்த்தமில்ல. பழகி, விலை குறைஞ்சு, எங்கே பழுதாகும்னு எல்லாருக்கும் தெரிஞ்ச தொழில்நுட்பம். கால்குலேட்டர் திரையை வைத்து 1980-ல் ‘கேம் அண்ட் வாட்ச்’ வந்தது அப்படித்தான்.

1989 ஏப்ரல் 21, ஜப்பானில் கேம் பாய் வெளியாகிறது. திரை 160×144 புள்ளிகள். நிறம்னு சொல்ல முடியாது, பச்சை கலந்த நாலு சாயல். உள்ளே வேலை செய்ய 8 கிலோபைட் நினைவகம். அதே வருஷம் அட்டாரி நிறுவனம் ‘லிங்க்ஸ்’ என்ற கையடக்கக் கருவியை விட்டது. வண்ணத் திரை, பின்னொளி எல்லாம் இருந்தது. ஆறு பேட்டரி போட்டா நாலஞ்சு மணி நேரத்துல தீர்ந்துடும். கேம் பாயில் நாலு பேட்டரி போட்டா பத்து மணி நேரத்தைத் தாண்டி ஓடும். விலையும் ஏறக்குறைய பாதி. யார் ஜெயிச்சாங்கன்னு சொல்லத் தேவையில்ல. பின்னால் வந்த வண்ண மாடலையும் சேர்த்து 11 கோடிக்கு மேல் விற்றது.

360 கட்டம், 256 ஓடு

கேம் எழுதுறவங்களுக்கு இது என்ன பாடு கொடுத்ததுன்னு பார்க்கணும். கேம் பாய் படத்தைப் புள்ளி புள்ளியா நினைவில் வைக்காது. 8×8 புள்ளி கொண்ட சின்ன ஓடுகளாத்தான் வைக்கும். திரையை நிரப்ப 20×18, அதாவது 360 ஓடு வேணும். ஆனா பின்னணிக்கு ஒரே சமயத்தில் எடுத்தாளக்கூடியது 256 வகை ஓடுதான். அதனால ஒரே செங்கல், ஒரே மேகம், ஒரே புல் திரும்பத் திரும்ப வரும். நடமாடும் உருவங்கள் மொத்தம் 40, ஒரே வரிசையில் 10. பதினொன்றாவது வந்தால் அந்த வரியில் ஏதோ ஒன்று காணாமல் போகும்.

அந்தக் காலத்தில் இதுக்கு முறையா கேம் எழுதணும்னா நின்டெண்டோவின் அனுமதி வேணும், அவங்க கருவிகள் வேணும். கார்ட்ரிட்ஜில் நின்டெண்டோ சின்னம் சரியா இல்லைன்னா கருவி ஓடவே ஓடாது. வீட்டில் உட்கார்ந்து ஒரு மாணவன் செய்துவிடக்கூடிய வேலை இல்லை.

ஜாம் வருகிறது

2002-ல் இரண்டு விஷயம் நடந்தது. மார்ச்சில் கலிபோர்னியாவின் ஓக்லாந்தில் கிறிஸ் ஹெக்கர், ஷான் பாரட் இருவரும் நண்பர்களைக் கூட்டி ‘இண்டி கேம் ஜாம்’ நடத்தினார்கள். இசைக்காரங்க கூடி வாசிக்கிற மாதிரி, கேம் எழுதுறவங்க கூடி சில நாள்ல ஒரு கேம் முடிக்கிறது. ஏப்ரலில் இணையம் வழியாக ‘லூடம் டேர்’ தொடங்கியது.

இதுல ஒரு வேடிக்கை. ஓக்லாந்தில் கொடுத்த சவால், திரையில் ஒரு லட்சம் உருவம் வரைந்தால் என்ன கேம் செய்யலாம் என்பது. அதாவது மிகுதியை வைத்து விளையாடியது முதல் ஜாம்.

பத்து வருஷம் கழித்து, 2012-ல் ‘ஜிபி ஜாம்’ நேர் எதிர்த் திசையில் போனது. விதி ரொம்பச் சுருக்கம்: 160×144 திரை, நாலே நிறம். உண்மையான கேம் பாயில் ஓடணும்னு கட்டாயம் இல்லை, தோற்றம் போதும். பொதுவாகப் பத்து நாள் அவகாசம்.

2019-ல் கிறிஸ் மால்ட்பி ‘ஜிபி ஸ்டுடியோ’ என்ற இலவச மென்பொருளை வெளியிட்டதும் அடுத்த கதவு திறந்தது. நிரல் எழுதத் தெரியாதவரும் படம், பாத்திரம், நிகழ்வு என்று அடுக்கி, நிஜக் கருவியிலேயே ஓடும் கேம் செய்யலாம். பின்னணியில் 192 வகை ஓட்டுக்கு மேல் போனால் மென்பொருளே எச்சரிக்கும். 1989-ல் பொறியாளர் தலையைப் பிய்த்துக்கொண்ட அதே கணக்கு, இன்னைக்கு ஒரு பள்ளி மாணவிக்கு முதல் பாடமா வருது.

இது வெறும் ஏக்கமா?

இங்கே ஒரு நியாயமான கேள்வி இருக்கு. அன்னைக்கு அவங்களுக்கு வேற வழி இல்ல. இன்னைக்கு லட்சம் நிறம் இருக்கும்போது நாலு நிறத்தில் வரையறது, கார் வெச்சிருக்கறவர் மாட்டு வண்டியில் போய் போட்டோ எடுத்துக்கற மாதிரி இல்லையா? போதாததுக்கு, நிஜக் கேம் பாய் திரையில் வேகமா ஓடுற உருவம் மங்கி இழுபடும். ஜாம் கேம்கள் பலவற்றில் அந்த மங்கல் இருக்காது. நினைவு கழுவித் துடைத்துக் கொடுத்த கேம் பாய் அது.

எனக்கும் அப்படித்தான் தோணிச்சு. ஆனா வரலாற்றைத் திரும்பப் படிச்சா ‘வேற வழி இல்ல’ங்கறது பாதி உண்மைதான். 1989-ல் வண்ணத் திரை இருந்தது, லிங்க்ஸே அதுக்குச் சாட்சி. யோகோயி குழு அதை வேண்டாம்னு முடிவு பண்ணாங்க. நாலு சாயல் அவங்க தேர்ந்தெடுத்தது. கேம் எழுதியவர்களுக்குத்தான் அது விதியாக வந்து விழுந்தது. ஆக ஜாமில் கலந்துக்கறவங்க அந்தப் பழைய நிரலாளரைப் போலச் செய்யலை. யோகோயியின் நாற்காலியில் உட்கார்றாங்க: எதை விட்டுட்டா வேலை முடியும்?

இந்த ‘முடியும்’தான் முக்கியம். பகல் முழுக்க வேற வேலை பார்த்துட்டு ராத்திரி கேம் செய்யறவங்களோட கணினியைத் திறந்தா, பாதியில் நின்ன கேம்தான் நிறைய இருக்கும். நாலு நிறம்னா எந்த நிறம்னு ஒரு வாரம் யோசிக்க வேண்டாம். சின்னத் திரைன்னா பெரிய உலகம் கட்ட வேண்டாம். சிறுசா ஒண்ணு முழுசா முடிஞ்சா, அடுத்து எங்கே வேணா போகலாம். 2015-ல் மேடி தோர்சனும் நோயல் பெர்ரியும் ‘பிகோ-8’ என்ற கற்பனைக் கருவியின் 128×128 திரையில் நாலு நாளில் ஒரு கேம் முடிச்சாங்க. அதுவே 2018-ல் ‘செலஸ்ட்’ என்ற முழு கேமாக வளர்ந்தது.

யோகோயி இதையெல்லாம் பார்க்கவில்லை. 1996-ல் நின்டெண்டோவை விட்டு விலகினார். 1997 அக்டோபரில் சாலை விபத்தில் இறந்தார். இன்னைக்கு யாரோ ஒருத்தர் பத்து நாள்ல எழுதுற கேம், அவர் குழு செஞ்ச அதே பெட்டியில் ஓடுது. வாடிப்போன தொழில்நுட்பத்துக்கு வாடுறதுக்கு இன்னும் மனசு வரலை போல.

உங்க கணினியில் பாதியில் நிற்கிற வேலை எது? அதிலிருந்து எதை எடுத்துட்டா முடியும்? யோசிச்சு எங்களுக்கு எழுதுங்க. அடுத்த எபிசோடில் சந்திப்போம்.