நீராவி சுமந்து சென்ற நோய்: 1865ஆம் ஆண்டுக் காலரா

ஹஜ் பயணமே காலராவை உலகெங்கும் பரப்பியது என்னும் கூற்றைப் பத்தொன்பதாம் நூற்றாண்டின் ஐரோப்பிய நூல்கள் பலவற்றில் காண்கிறோம். அக்கூற்று பாதி உண்மையே. மறுபாதி, ஹாஜிகள் ஏறிச்சென்ற ஊர்திகளைப் பற்றியது.

ஹிஜ்ரி 1281ஆம் ஆண்டின் ஹஜ், 1865 மே மாதத் தொடக்கத்தில் நிறைவேறிற்று. கிழக்கிலிருந்து வந்த கப்பல்களோடு நோயும் வந்திறங்கியது என்பர். கூடியிருந்த சுமார் 90,000 பேரில் 15,000 பேர் மாண்டனர் என்பது அன்றைய மதிப்பீடு. எஞ்சியோர் ஜித்தாவில் நீராவிக் கப்பல் ஏறினர். மே 19இல் ஏறத்தாழ 1,500 ஹாஜிகளுடன் ஆங்கிலக் கப்பல் ஒன்று சூயஸை அடைந்தது. வழியில் இறந்தோர் கடலில் விடப்பட்டிருந்தும், தொற்றுநோய் எதுவுமில்லை என்றே கப்பல் தலைவர் அறிவித்தார். இரண்டே நாளில் அவரும் அவர் மனைவியும் நோயில் வீழ்ந்தனர். அப்போதும் தடையேதுமின்றி ஹாஜிகளை இரயில் வண்டிகள் அலெக்சாந்திரியாவுக்கு ஏற்றிச்சென்றன. சூயஸுக்கு இருப்புப்பாதை வந்து அப்போது ஏழாண்டுகளே ஆகியிருந்தன. ஜூன் 2இல் அலெக்சாந்திரியாவில் காலரா வெளிப்பட்டது. மூன்று மாதங்களில் எகிப்தில் சுமார் 60,000 உயிர்கள் பறிபோயின. அஞ்சி ஓடியோரைச் சுமந்த கப்பல்கள் மார்செய்ல்ஸுக்கும் கான்ஸ்டாண்டிநோபிளுக்கும் நோயைக் கொண்டு சேர்த்தன.

ஒட்டக வணிகக்கூட்டத்தோடு மக்காவிலிருந்து டமாஸ்கஸ் திரும்ப ஒரு மாதத்திற்கும் மேலாகும். காலராவோ உடலில் புகுந்த ஐந்து நாட்களுக்குள் பெரும்பாலும் வெளிப்பட்டுவிடும். நோயுற்றோர் பாலைவெளியிலேயே மடிவர், அன்றித் தேறுவர். 1831இல் ஹாஜிகளோடு நோய் எகிப்தை எட்டியதும் உண்டு. ஆதலால் பாலைவனம் முற்றிலும் அடைபட்ட கதவன்று. எனினும் 1866இல் கான்ஸ்டாண்டிநோபிளில் கூடிய பன்னாட்டுச் சுகாதார மாநாடு, அதனையே நோய்க்கு வலுவான தடையென ஏற்றது.

நோய் புகுந்த ஊருக்குள் செல்லாமலும், அவ்வூரிலிருந்து வெளியேறாமலும் இருத்தல் என்பது நபிமொழி வழி நாம் அறிந்த நெறி. ஷாமில் கொள்ளைநோய் என்றறிந்து கலீஃபா உமர் (ரலி) ஸர்க் என்னுமிடத்திலிருந்து திரும்பியதும் யாவரும் அறிந்ததே. ஆகவே தனிமைப்படுத்தலை நாம் குறைகூறவில்லை. அதன் சுமை எவர்மேல் விழுந்தது என்பதே வினா. வணிகம் தடைபடுமெனப் பிரித்தானிய அரசு கப்பல்களுக்கான கட்டுப்பாடுகளை நெடுங்காலம் எதிர்த்தது. ஏழை ஹாஜிகளோ, உதுமானிய அரசு 1882இல் திறந்த கமரான் தீவு முகாமில், கட்டணமும் செலுத்திக் கடும் வெயிலில் நாட்களைக் கழித்தனர்.

வடக்கே திரும்புவோருக்கான முகாம் சினாய்க் கரையிலுள்ள தூர் என்னும் ஊரில் இருந்தது. காலராவின் அறிகுறியே இல்லாது அங்கு இறந்த ஹாஜிகளின் உடல்களில் 1905இல் ஒரு கிருமி கண்டெடுக்கப்பட்டது. 1961இல் இந்தோனேசியாவின் சுலவேசியில் தொடங்கிய ஏழாம் உலகக் காலரா அக்கிருமியினத்தால் வந்தது. ஹாஜிகள் தடுத்து வைக்கப்பட்ட அவ்வூரின் பெயரையே ‘எல் தூர்’ என அது இன்றும் தாங்கி நிற்கிறது.