மெட்ராஸ் பேர்ல இன்னொரு நோய்

மெட்ராஸ் ஐ எல்லாருக்கும் தெரியும். மெட்ராஸ் பேர்ல இன்னொரு நோயும் மருத்துவப் புத்தகங்கள்ல இருக்குங்கிறது பலருக்குத் தெரியாது.

தசைகளை இயக்கும் நரம்பு செல்கள் கொஞ்சம் கொஞ்சமாகச் சாவதுதான் மோட்டார் நியூரான் நோய். அதில் கொடுமையான ஏ.எல்.எஸ். வகையை 1869-ல் பிரான்சின் ஷார்கோ விவரித்தார். பெரும்பாலும் நடுத்தர வயசுக்கு மேல வரும். பலருக்கு 2 முதல் 5 வருஷம்தான்.

1970-ல் மீனாட்சிசுந்தரம், ஜெகந்நாதன், ராமமூர்த்தி ஆகிய மருத்துவர்கள் மெட்ராஸில் பார்த்த நோயாளிகளைப் பற்றி எழுதினாங்க. எல்லாம் சின்ன வயசு. கை கால் மெலியுது, முகத்தசை தளருது, காது மந்தமாகுது. ஆனா நோய் நத்தை வேகம்! பல வருஷம் தாண்டியும் வாழ்ந்தாங்க. 1971 முதல் 2007 வரை பெங்களூர் நிம்ஹான்ஸ் பார்த்தது 116 பேரை. காரணம் இன்னும் பிடிபடலை.

இது இன்ன நோய்தான்னு ஒரே ரத்தப் பரிசோதனையில் சொல்லிட முடியாது. 1990-ல் ஸ்பெயினின் எல் எஸ்கோரியலில் கூடிய நிபுணர்கள் ஏ.எல்.எஸ்-க்கே நாலு படி வெச்சாங்க: சந்தேகம், இருக்கலாம், அநேகமாக, உறுதி. ஆக, டாக்டர் "ஆறு மாசம் கழிச்சு வாங்க"ன்னா தட்டிக் கழிக்கிறார்னு அர்த்தமில்லை. காலமும் ஒரு டெஸ்ட்.

அந்த ஆறு மாசத்தை வீட்ல இருந்து பார்க்கிறது யாரு?

எங்க விஸ்வநத்தம் பக்கம் பட்டாசு ஆபீஸ்ல சரம் பின்னுற ஒரு பொண்ணை நினைச்சுக்குங்க. விரல் தடுமாறினா முதல்ல தெரியறது சனிக்கிழமை கூலியில்தான். உடம்புல சத்தில்லைன்னு டானிக், இருக்கன்குடி மாரியம்மனுக்கு நேர்த்திக்கடன், அப்புறம்தான் மதுரை பெரியாஸ்பத்திரி. எந்த மாசம் செருப்பு கழண்டுச்சு, எப்ப தண்ணி புரையேறுச்சு, எப்ப கூப்பிட்டது காதுல விழலை... இதெல்லாம் புருஷன்காரன் ஒரு நோட்டுல எழுதி வெச்சிருந்தா டாக்டருக்கு அது பெரிய உதவி.

ஸ்டீபன் ஹாக்கிங்கிற்கு 1963-ல் சொன்ன கெடு ரெண்டு வருஷம். 1965-ல் ஜேன் அவரைக் கட்டிக்கிட்டார். 1985-ல் ஜெனிவாவில் நிமோனியா முத்தி, சுவாசக் கருவியை நிறுத்திடலாமான்னு டாக்டர்கள் கேட்டப்ப முடியாதுன்னு சொன்னதும் ஜேன்தான். ஹாக்கிங் இறந்தது 2018-ல்.

எல்லாருக்கும் அப்படி அமையாது. ஏ.எல்.எஸ்-ஆ இருந்தா வேகமாவும் போகலாம். ஆனா நோயின் பேரே உறுதியாகாதப்ப, ரெண்டு வருஷம்தானேன்னு இருக்கிற நகையெல்லாம் வித்து ஊர் ஊரா அலைஞ்சுட்டா, மிச்ச இருபது வருஷத்துக்கு அந்தக் குடும்பம் என்ன பண்ணும்? "என்ன நோய்?"னு கேட்கிறதோட, "எவ்வளவு வேகம்?"னும் டாக்டர்கிட்ட கேளுங்க.