சேவாகிராமமும் ஆசிரியர் மாணவர்களின் விடுதி வாழ்வும்

ஆசிரியராகப் போகிறவர் பாடம் நடத்தும் முறையைக் கற்றால் போதுமா, வாழும் முறையையும் கற்க வேண்டுமா? இந்தியக் கல்வி வரலாற்றில் இக்கேள்விக்கு விடை தேடிய இடங்களுள் ஒன்று வார்தாவை அடுத்த சேவாகிராமம்.

தோற்றம்

1937 அக்டோபர் 22, 23 ஆகிய நாட்களில் காந்தியடிகள் தலைமையில் வார்தாவில் கல்வி மாநாடு நடைபெற்றது. தாய்மொழியில், ஒரு கைத்தொழிலை மையமாகக் கொண்டு, ஏழாண்டு இலவசக் கட்டாயக் கல்வி தரவேண்டும் என்பது அதன் கருத்து. ஜாகிர் உசேன் தலைமையிலான குழு இதற்குப் பாடத்திட்டம் வகுத்தது. 1938இல் இந்துஸ்தானி தாலிமி சங்கம் உருவானது. அதன் செயலாளர் ஆரியநாயகம் யாழ்ப்பாணத் தமிழர், சாந்திநிகேதனில் பணியாற்றியவர். அவரும் துணைவியார் ஆஷாதேவியும் சேவாகிராமப் பயிற்சியை வழிநடத்தினர்.

அன்றாட வாழ்வு

பல மாகாணங்களிலிருந்து வந்த ஆசிரியர் மாணவர்கள் அங்கேயே தங்கினர். வேலைக்காரர் இல்லை. பிரார்த்தனை, நூற்பு, தோட்டவேலை, முறைவைத்துச் சமையல், துப்புரவு ஆகிய அனைத்தும் பயிற்சியின் பகுதிகள். தக்ளியில் நூற்ற நூலை அளப்பது கணக்குப் பாடம். பருத்தி விளையும் கரிசல் மண்ணைப் பற்றிப் பேசுவது புவியியல் பாடம்.

எல்லாவற்றினும் கடினமானது கழிப்பிடத் துப்புரவே. துடைப்பத்தைத் தொடுவதே இழிவு என்று எண்ணிய வீடுகளிலிருந்து வந்தவர்களும் அதைச் செய்ய வேண்டியிருந்தது. ஒரே சமையலறையில் சமைத்து, ஒரே வரிசையில் அமர்ந்து எல்லாரும் உண்டனர். தீண்டாமை தவறு என்று வகுப்பில் சொல்வது எளிது. அதைத் தன் கையாலும் வயிற்றாலும் ஒப்புக்கொள்வது வேறு. இவ்விடுதி வாழ்வின் உண்மையான தேர்வு அதுவே.

தமிழகத்தில்

1946 முதல் 1949 வரை சென்னை மாகாணக் கல்வியமைச்சராக இருந்த தி. சு. அவினாசிலிங்கம் ஆதாரக் கல்விக்கு ஆதரவளித்தார். 1947இல் டாக்டர் சௌந்தரமும் ஜி. இராமச்சந்திரனும் தொடங்கிய காந்திகிராமத்திலும் இம்முறை வேரூன்றியது.

மங்கியது ஏன்?

பெற்றோர் பலர் நூற்புப் பள்ளியைவிட ஆங்கிலத்தையும் அரசு வேலையையும் தரும் பள்ளியையே விரும்பினர். பல பள்ளிகளில் தக்ளி வெறும் சடங்காயிற்று. அந்தக் குறைகளை மறைக்க வேண்டியதில்லை. ஆனாலும், பள்ளிக் கழிப்பறையை எந்தப் பிள்ளை கழுவுவது என்ற கேள்வியில் இன்றும் சாதி எட்டிப்பார்க்கும் நாட்டில், ஆசிரியரே முதலில் துடைப்பத்தை எடுக்கவேண்டும் என்ற அந்தப் பாடம் பழையதாகிவிடவில்லை.