ஆட்கொணர்வு வழக்குகளில் கைதிகளின் இடைநிலை மனுக்கள் (அமெரிக்கா)

அமெரிக்கக் கைதிகள் தங்கள் சிறைவாசம் சட்டப்படி செல்லாது என்று கூறி, வழக்கறிஞர் இல்லாமல் தாமே கூட்டாட்சி நீதிமன்றங்களில் ஆட்கொணர்வு வழக்குத் தொடுப்பதுண்டு. அந்த வழக்கை நடத்திச் செல்வதற்காக அவர்கள் இடையில் தாக்கல் செய்யும் மனுக்கள் இடைநிலை மனுக்கள். கட்டண விலக்கு, வழக்கறிஞர் நியமனம், கால அவகாசம், ஆவணங்களைப் பெறுதல், சாட்சி விசாரணை, வழக்கை நிறுத்திவைத்தல் ஆகியவை இவற்றுள் முக்கியமானவை.

தோற்றம்

இங்கிலாந்தின் 1679ஆம் ஆண்டு ஆட்கொணர்வுச் சட்டத்தின் மரபில் வந்த இந்த உரிமையை அமெரிக்க அரசியலமைப்பு காத்தது. 1789ஆம் ஆண்டு நீதித்துறைச் சட்டம் கூட்டாட்சிக் காவலில் இருப்பவர்களுக்கு மட்டுமே இதை அளித்தது. 1867இல் மாநிலச் சிறைக் கைதிகளும் இதன் வரம்புக்குள் வந்தனர். பணமில்லாதவர் கட்டணமின்றி வழக்காட 1892ஆம் ஆண்டுச் சட்டம் வழிவகுத்தது.

சிறை வாசலைத் தாண்டுதல்

மனுவை வெளியே அனுப்புவதே முதல் போராட்டமாக இருந்தது. மிச்சிகன் கைதி ஹல் எழுதிய மனுவை அனுப்பச் சிறை அதிகாரிகள் மறுத்தனர். தந்தையிடம் கொடுத்தனுப்ப முயன்றபோது காவலர்கள் அதைப் பறித்துக்கொண்டனர். கைதியின் மனு சட்டப்படி சரியாக எழுதப்பட்டுள்ளதா என்று பார்ப்பது சிறை நிர்வாகத்தின் வேலையல்ல, நீதிமன்றத்தின் வேலை என்று உச்ச நீதிமன்றம் 1941இல் தீர்ப்பளித்தது. ஆனாலும் ஹல்லின் மனு தள்ளுபடியானது.

1961இல் அயோவா மாநிலம் ஆட்கொணர்வு மனுவுக்குக் கேட்ட 4 டாலர் கட்டணம், கட்ட வழியில்லாத கைதிகளைப் பொறுத்தவரை செல்லாது என்றானது. மாற்று உதவி எதுவும் அளிக்காமல், ஒரு கைதி மற்றொருவருக்கு மனு எழுதித் தருவதைத் தடுக்கக் கூடாது என்று 1969இல் ‘ஜான்சன் எதிர் ஏவரி’ தீர்ப்பு கூறியது. சட்டம் படிக்காதவர் எழுதியதை வழக்கறிஞரின் மனுவுக்குரிய கறாருடன் அளக்கலாகாது என்பது 1972இல் ‘ஹெய்ன்ஸ் எதிர் கெர்னர்’ தீர்ப்பில் நிலைபெற்றது.

விதிகள்

சான் குவென்டின் சிறைக் கண்காணிப்பாளரிடம் எழுத்துவழிக் கேள்விகள் கேட்கக் கைதி ஒருவர் அனுமதி கோரினார். உரிமையியல் வழக்கு விதிகள் இதற்குத் தாமாகப் பொருந்தா. தேவைப்பட்டால் நீதிமன்றமே தக்க நடைமுறையை வகுத்துக்கொள்ளலாம் என்றது 1969ஆம் ஆண்டின் ‘ஹாரிஸ் எதிர் நெல்சன்’ தீர்ப்பு. 1977இல் இவ்வழக்குகளுக்கெனத் தனி விதிகள் நடைமுறைக்கு வந்தன. அவற்றின்படி ஆவணங்களைக் கோர ‘நல்ல காரணம்’ காட்ட வேண்டும். சாட்சி விசாரணை தேவை என்று முடிவானால் வசதியற்ற கைதிக்கு வழக்கறிஞரை நியமித்தாக வேண்டும். மற்ற கட்டங்களில் அது பெரும்பாலும் நீதிபதியின் விருப்புரிமை.

காலக்கெடு

1996ஆம் ஆண்டுச் சட்டம் ஆட்கொணர்வு மனுவுக்கு ஓராண்டுக் கெடு விதித்த பிறகு இடைநிலை மனுக்களின் போக்கே மாறியது. மாநில நீதிமன்றத்தில் எழுப்பாத வாதங்களும் கலந்திருக்கும் வழக்கை உரிய காரணமிருந்தால் நிறுத்திவைக்கலாம் என்று 2005இல் உச்ச நீதிமன்றம் கூறியது. தள்ளுபடி செய்தால் கைதி திரும்பி வருவதற்குள் கெடு முடிந்துவிடும் என்பதே காரணம்.

புளோரிடாவில் மரண தண்டனைக் கைதியான ஹாலண்ட், கெடு குறித்துத் தம் வழக்கறிஞருக்குப் பலமுறை எழுதியும் பலனில்லை. மாநில வழக்கு முடிந்து ஐந்து வாரங்களாகிவிட்டதைச் சிறை நூலகத்தில் அறிந்து, மறுநாளே தம் கைப்பட எழுதிய மனுவை அனுப்பினார். அசாதாரண சூழலில் கெடுவைத் தளர்த்தலாம் என்று அவர் வழக்கில் 2010இல் தீர்ப்பானது.

அஞ்சல் விதி

டென்னசி கைதி ஒருவரின் மேல்முறையீட்டு அறிவிப்பு, 30 நாள் கெடுவுக்கு மூன்று நாள் முன்பே சிறை அதிகாரிகளிடம் தரப்பட்டும், நீதிமன்ற முத்திரை விழுந்தது 31ஆம் நாள். சிறை அதிகாரியின் கையில் சேர்ந்த நாளே தாக்கல் நாள் என்று 1988இல் ‘ஹூஸ்டன் எதிர் லாக்’ தீர்ப்பு கூறியது. ஹல்லின் மனுவைக் காவலர்கள் பறித்த அதே வாசலில், இன்று கைதி தம் உறையைச் சிறை அஞ்சலில் சேர்த்த தேதியை உறுதிமொழியாக எழுதித் தருகிறார். நீதிமன்றம் அதைச் சான்றாக ஏற்கிறது.