தானியங்கிப் பங்கு வணிகத்தில் மொழி மாதிரியும் விதிமுறை நிரலும்

பங்குகளை வாங்கவும் விற்கவும் வேண்டிய ஆணைகளைக் கணினியே சந்தைக்கு அனுப்பும் முறை தானியங்கிப் பங்கு வணிகம் எனப்படும். இதில் இன்று இருவகை மென்பொருள்கள் பயன்படுகின்றன. விதிமுறை நிரல் ஒரே உள்ளீட்டுக்கு எப்போதும் ஒரே விடையைத் தரும். செயற்கை நுண்ணறிவு மொழி மாதிரி, செய்திகளையும் அறிக்கைகளையும் படித்துப் பொருள் கூறும். ஆனால் அது ஒரே கேள்விக்கு வெவ்வேறு விடைகளைத் தரக்கூடும். இல்லாத எண்ணை உள்ளதுபோல் எழுதவும் கூடும். எந்தப் பொறுப்பை எதனிடம் ஒப்படைப்பது என்ற கேள்விக்குச் சந்தை வரலாற்றில் பாடங்கள் உள்ளன.

தொடக்கம்

நியூயார்க் பங்குச் சந்தை 1976ஆம் ஆண்டு 'டாட்' என்னும் மின்னணு ஆணை அமைப்பைத் தொடங்கியது. 1987 அக்டோபர் 19 அன்று டோ ஜோன்ஸ் குறியீடு ஒரே நாளில் 508 புள்ளிகள், அதாவது 22.6 விழுக்காடு சரிந்தது. விலை இறங்க இறங்க விற்க வேண்டும் என்ற விதியைப் பல நிறுவனங்கள் ஒரே நேரத்தில் பின்பற்றியது வீழ்ச்சியை ஆழப்படுத்தியது.

நிரலின் தவறு

2012 ஆகஸ்ட் 1 அன்று அமெரிக்காவின் நைட் கேப்பிட்டல் நிறுவனம் தனது எட்டு வழங்கிகளில் ஏழில் மட்டுமே புதிய நிரலை நிறுவியிருந்தது. எட்டாவதில் கைவிடப்பட்ட பழைய நிரல் விழித்துக்கொண்டது. வாடிக்கையாளர்களின் 212 சிறு ஆணைகளை நிறைவேற்ற முயன்று, சுமார் 45 நிமிடங்களில் 40 லட்சத்துக்கும் மேற்பட்ட ஆணைகளைச் சந்தைக்கு அனுப்பியது. இழப்பு 46 கோடி டாலரைத் தாண்டியது.

சந்தை திறக்கும் முன்பே அந்நிறுவனத்தின் கணினி 97 மின்னஞ்சல்களில் பிழையைக் குறிப்பிட்டிருந்தது. அவற்றின்மேல் எவரும் நடவடிக்கை எடுக்கவில்லை. ஆணை சந்தையை அடையும் முன் அதைச் சரிபார்க்கும் கட்டுப்பாடுகள் தரகரிடம் இருக்க வேண்டும் என்ற விதியை அமெரிக்கப் பங்குப் பரிவர்த்தனை ஆணையம் 2010இல் இயற்றியிருந்தது. அதை மீறியதற்காக 2013இல் நைட் நிறுவனத்துக்கு 1.2 கோடி டாலர் அபராதம் விதிக்கப்பட்டது.

வாசிப்பின் தவறு

2013 ஏப்ரல் 23 அன்று அசோசியேட்டட் பிரஸ் செய்தி நிறுவனத்தின் ட்விட்டர் கணக்கு களவாடப்பட்டது. வெள்ளை மாளிகையில் குண்டுகள் வெடித்து அதிபர் ஒபாமா காயமடைந்தார் என்ற பொய்ச் செய்தி அதில் வெளியானது. டோ ஜோன்ஸ் குறியீடு சில நிமிடங்களில் 140 புள்ளிகளுக்கு மேல் சரிந்து, உண்மை தெரிந்ததும் மீண்டது. செய்தியைப் படித்து விற்கும் கணினிகளும் இச்சரிவில் பங்கு வகித்தன. செய்தியின் பொருளை அறிவதும் அது மெய்யா என அறிவதும் வேறு வேறு என்பதை இந்நிகழ்வு காட்டியது.

பொறுப்புப் பகிர்வு

புளூம்பெர்க் நிறுவனம் 2023 மார்ச்சில் 5,000 கோடி அளபுருக்கள் கொண்ட 'புளூம்பெர்க்ஜிபிடி' என்ற நிதித்துறை மொழி மாதிரியை அறிவித்தது. செய்தியின் தொனியை அறிதல், நிறுவனப் பெயர்களை இனங்காணல் போன்ற வாசிப்புப் பணிகளில் அது சோதிக்கப்பட்டது.

மேற்கண்ட நிகழ்வுகளிலிருந்து ஒரு பகிர்வு பெறப்படுகிறது. செய்தி, ஆண்டறிக்கை ஆகியவற்றைச் சுருக்குவதும் வகைப்படுத்துவதும் மொழி மாதிரியின் வேலை. எவரும் கவனிக்காத 97 மின்னஞ்சல்களைப் படித்து எச்சரிப்பதும் அதற்குப் பொருந்தும். எத்தனை பங்குகள், என்ன விலை, எவ்வளவு இழப்பில் நிறுத்துவது ஆகியவை விதிமுறை நிரலுக்கு உரியவை. மாதிரி தரும் பரிந்துரை நிரலின் வரம்புகளைக் கடந்த பின்னரே ஆணையாக மாற வேண்டும்; அவ்வரம்புகளைத் திருத்தும் அதிகாரம் மாதிரிக்கு இருத்தலாகாது. நிரலும் தவறும் என்பதற்கு நைட் நிறுவனமே சான்று. ஆனால் அதன் தவறு எந்த வரியில் நேர்ந்தது எனத் தேடிக் கண்டறிய முடியும்.

இந்தியாவில்

இந்தியாவில் பங்குச் சந்தை ஒழுங்குமுறை வாரியமான செபி 2025 பிப்ரவரியில் சிறு முதலீட்டாளர்களின் தானியங்கி வணிகத்துக்கான நெறிமுறைகளை வெளியிட்டது. செயல்முறை வெளிப்படையாக உள்ளவை 'வெள்ளைப் பெட்டி' என்றும், பயனருக்குத் தெரியாதவை 'கறுப்புப் பெட்டி' என்றும் அதில் பிரிக்கப்பட்டன. இரண்டாம் வகையை வழங்குவோர் ஆய்வாளராகப் பதிவு செய்ய வேண்டும்.