சோதிட மெய்ம்மை விவாதம் (தமிழகம்)

சோதிடத்தை நம்பலாமா என்ற வழக்கு தமிழில் சங்க காலத்திலேயே தலைகாட்டுகிறது. ஆனால் அன்றைய கேள்வி வேறு. பெண்ணையாற்றங்கரைத் திருக்கோவலூரை ஆண்டவன் மலையமான் திருமுடிக்காரி. கெட்ட நாளில் புறப்பட்டாலும், பறவைச் சகுனம் தடுத்தாலும், வேளை கெட்ட வேளையில் போய் நின்றாலும் அவனைப் பாடியவர் வெறுங்கையோடு திரும்பமாட்டார் என்கிறார் கபிலர் (புறநானூறு 124). நாளும் புள்ளும் பொய்யென்று அவர் வாய் திறக்கவில்லை. காரியின் கொடை அவற்றுக்கு மேல், அவ்வளவுதான். ஏழாம் நூற்றாண்டில் சம்பந்தரின் கோளறு பதிகமும் இதே வழிதான். கோள்களின் தீர்ப்புக்கு மேல்முறையீடு உண்டு. மனுவை விசாரிப்பவர் சிவன்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் சண்டை கணக்குக்கு மாறியது. புதுச்சேரியில் ஒரு பஞ்சாங்கக்காரர் சோழிகளைத் தரையில் வைத்து, வாய்பாடுகளை மனப்பாடமாகச் சொல்லியே 1825 சந்திர கிரகணத்தைக் கணித்ததை வானியலாளர் ஜான் வாரன் பதிவு செய்திருக்கிறார். தொடக்கத்தில் பிசகு சில நிமிடம். முடிவில் முக்கால் மணிக்கு மேல். சென்னை வானாய்வகத்தில் பணியாற்றி, 1867இல் ஒரு மாறொளி விண்மீனைக் கண்டறிந்த சிந்தாமணி ரகுநாதாச்சாரி, அந்த வாய்பாட்டு முறையான வாக்கியக் கணக்கை வானத்தோடு ஒத்துப்பார்த்துத் திருத்தவேண்டும் என்று வாதாடினார். அந்த வாதம் இன்னும் தீரவில்லை. அப்படித் திருத்திய திருக்கணிதப்படி 2023 ஜனவரி 17இல் கும்பத்துக்குப் போய்விட்ட சனி, வாக்கியத்தைப் பின்பற்றும் திருநள்ளாற்றில் டிசம்பர் 20இல்தான் பெயர்ந்தார். பரிகாரம் செய்பவர் எந்தச் சனிக்குச் செய்வது?

அடிப்படையையே மறுத்த குரல் இருபதாம் நூற்றாண்டில்தான் உரத்தது. பாரதி புதிய ஆத்திசூடியில் சோதிடத்தை இகழச் சொன்னார். சுயமரியாதை இயக்கத்தார் வேண்டுமென்றே ராகு காலத்தில் தாலி கட்டினார்கள். புரோகிதரில்லாத அத்தகைய திருமணங்களை அண்ணா அரசின் 1967ஆம் ஆண்டுச் சட்டத்திருத்தம் செல்லுபடியாக்கியது.

2001இல் பல்கலைக்கழக மானியக் குழு ‘ஜோதிர் விஞ்ஞானம்’ என்ற பெயரில் சோதிடத்தைப் பட்டப்படிப்பாக்க முன்வந்தது. எதிர்த்து வழக்காடிய உயிரியலாளர் பி.எம். பார்கவாவின் மனுவை 2004இல் உச்ச நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. கல்விக் கொள்கையில் தலையிட அது விரும்பவில்லை. சோதிடம் பலிக்குமா என்பதைச் சோதித்துப் பார்க்கவும் இல்லை.

சோதித்தவர் வானியலாளர் ஜயந்த் நார்லிகர். 2008இல் மகாராஷ்டிரச் சோதிடர்கள் 27 பேருக்குத் தலைக்கு 40 ஜாதகம் தந்து, படிப்பில் சிறந்த பிள்ளை எது, மனவளர்ச்சி குன்றிய பிள்ளை எது என்று பிரிக்கச் சொன்னார். சரியாக வந்தவை 46 விழுக்காடு. காசைச் சுண்டினால் 50 வரும்.