நுண்துகள் மாசும் மரபணுக்களும்

காற்றில் மிதக்கும் துகள்களில் விட்டம் 2.5 மைக்ரோமீட்டருக்கு மேற்படாதவை நுண்துகள்கள் (பிஎம் 2.5) எனப்படும். தலைமுடியின் தடிமனில் இது ஏறத்தாழ முப்பதில் ஒரு பங்கு. டீசல், நிலக்கரி, விறகு ஆகியவை எரிவதால் இவை பெருமளவில் உண்டாகின்றன. மூக்கிலும் தொண்டையிலும் தங்காமல் நுரையீரலின் காற்று நுண்ணறைகள் வரை இறங்குகின்றன. இவை விளைவிக்கும் நோய்களில் மரபணுக்களின் பங்கு குறித்த ஆய்வு மூன்று கேள்விகளைச் சுற்றி வளர்ந்தது. ஒரே காற்றைச் சுவாசிப்போரில் சிலர் மட்டும் ஏன் நோயுறுகின்றனர்? புகை மரபணுவை மாற்றுகிறதா? முன்பே மாறியிருந்ததைத் தூண்டுகிறதா?

தொடக்கம்

1952 டிசம்பரில் ஐந்து நாள் நீடித்த லண்டன் பனிப்புகையில் சுமார் 4,000 பேர் இறந்ததாக முதலில் கணக்கிடப்பட்டது. பிந்தைய ஆய்வு 12,000 வரை எனக் கண்டது. 1993இல் வெளியான ஹார்வர்டு ஆய்வு, அமெரிக்காவின் ஆறு நகரங்களில் 8,111 பேரைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்திருந்தது. மாசு மிகுந்த நகரில் இறப்பு விகிதம், மாசு குறைந்த நகரைவிட 26 விழுக்காடு கூடுதலாக இருந்தது. 1997இல் அமெரிக்கா பிஎம் 2.5க்குத் தனி வரம்பு விதித்தது. இறப்புக்கும் துகளுக்கும் உள்ள தொடர்பு இவ்வாறு தெளிவானாலும், உடலுக்குள் நடப்பது புலப்படவில்லை.

பிறவி வேறுபாடு

சீனாவின் யுன்னான் மாநிலத்திலுள்ள சுவான்வெய்யில் பெண்கள் பெரும்பாலும் புகைபிடிப்பதில்லை. ஆயினும் நுரையீரல் புற்றுநோய் அவர்களிடையே மிக அதிகம். புகைபோக்கி இல்லாத அடுப்பில் புகை மிகுந்த நிலக்கரியை எரித்ததே காரணம் என 1980களின் ஆய்வுகள் காட்டின. நச்சுப் பொருள்களைச் செயலிழக்கச் செய்யும் நொதிக்கான ஜிஎஸ்டிஎம்1 மரபணு பிறவியிலேயே இல்லாதவர்களுக்கு அபாயம் கூடுதல் என்பது 2000இல் தெரிந்தது. 2005இல் பாஸ்டன் பகுதி முதியவர்களிடம் நடந்த ஆய்வும் இதை ஒத்திருந்தது: நுண்துகள் கூடிய நாட்களில் இதயத்துடிப்பின் இயல்பான ஏற்ற இறக்கம், அந்த மரபணு இல்லாதவர்களிடமே குறைந்தது.

மரபணுவில் மாற்றம்

கனடாவின் ஹாமில்டனில் எஃகு ஆலைகளுக்கு அருகில் வாழ்ந்த கடற்காகங்களின் குஞ்சுகளில் மரபுவழி மாற்றங்கள் மிகுந்திருப்பதை 1990களில் ஆய்வாளர்கள் கண்டனர். பின்னர் அதே பகுதியில் எலிகளை வைத்துச் சோதித்தனர். துகள் வடிகட்டிய காற்றைச் சுவாசித்த எலிகளில் அடுத்த தலைமுறைக்குச் செல்லும் மாற்றங்கள் ஏறத்தாழ பாதியாகக் குறைந்ததாக 2004இல் அறிவித்தனர். மனிதரில் இதற்கு நிகரான சான்று இல்லை. டிஎன்ஏவின் எழுத்துகள் மாறாமலே அதில் ஒட்டியுள்ள மீத்தைல் குறிகள் மாறக்கூடும் என்பதை 2009இல் பாஸ்டன் முதியோர் ஆய்வு காட்டியது. சில நாட்களுக்கு முன் சுவாசித்த வாகனப் புகைக்கே அவை குறைந்திருந்தன.

தூண்டுதல்

புற்றுநோய் இரு படிகளில் வருகிறது, முதற்படி மாற்றம், இரண்டாம் படி எரிச்சல் என்ற கருத்தை 1940களில் ஐசக் பெரன்பிளம் முன்வைத்தார். லண்டன் பிரான்சிஸ் கிரிக் நிறுவனத்தின் சார்லஸ் சுவான்டன் குழு 2023இல் அதற்கு வலுவூட்டியது. புற்றுநோயற்ற 295 நுரையீரல் மாதிரிகளில் 18 விழுக்காட்டில் ஈஜிஎஃப்ஆர் மரபணு மாற்றமும், 53 விழுக்காட்டில் கேராஸ் மாற்றமும் அமைதியாகக் கிடந்தன. துகள்கள் எலிகளில் புதிய மாற்றங்களைக் கூட்டவில்லை. இன்டர்லூக்கின்-1 பீட்டா என்ற புரதத்தின் வழியே அழற்சியை எழுப்பி, மாறிய செல்களைக் கட்டியாக வளரச் செய்தன. அந்தப் புரதத்தைத் தடுத்தபோது கட்டிகள் குறைந்தன. ஆனால் 2025இல் வெளியான, புகைபிடிக்காத 871 நோயாளிகளின் கட்டிகளைப் பற்றிய ஆய்வு, மாசு மிகுந்த இடங்களில் மரபணு மாற்றங்களும் கூடுதல் என்றது. இரு வழிகளும் சேர்ந்தே இயங்கக்கூடும்.

கொள்கை

பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை 2013இல் வெளிக்காற்று மாசைப் புற்றுநோய்க் காரணிகளின் முதல் தொகுதியில் சேர்த்தது. உலகச் சுகாதார நிறுவனம் 2021இல் ஆண்டுச் சராசரி வழிகாட்டு அளவை கன மீட்டருக்கு 10 மைக்ரோகிராமிலிருந்து 5 ஆகக் குறைத்தது. சுவான்வெய்யில் அடுப்புகளுக்குப் புகைபோக்கி வைத்த வீடுகளில் நுரையீரல் புற்றுநோய் அபாயம் ஏறக்குறைய பாதியானது. ஜிஎஸ்டிஎம்1 இல்லாதவர்கள் அங்கே அப்படியே இருந்தார்கள். மாறியது வீட்டுக்குள் இருந்த காற்று.